தாரகமும் போஷகமும்: பாலாற்றங்கரையில் ஒரு பாடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழி திருக்கோளூர் எம்பெருமான் விஷயமானது. மகளைப் பிரிந்த திருத்தாயார் பேசுவதாக அமைந்த பாசுரங்கள் அவை. தன் மகளுக்கு உண்பதும் பருகுவதும் மெல்லுவதும் ஆகிய எல்லாம் கண்ணனே என்று அந்தத் தாயார் முதல் பாசுரத்தில் சொல்லுகிறாள். சோறு, தண்ணீர், வெற்றிலை என்று எண்ணப்பட்ட அம்மூன்றையும் நம் பூர்வாசார்யர்கள் தாரகம், போஷகம், போக்யம் என்று வகைப்படுத்தி வ்யாக்யானம் அருளினார்கள். உயிரைத் தரிக்கச் செய்வது தாரகம். அதை வளர்ப்பது போஷகம். இனிமைக்காகக் கொள்வது போக்யம்.

அடியேன் வணிகவியல் படித்தவன். வங்கிப் பணியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். காலக்ஷேபத்தில் அமரும் பாக்கியம் ஓய்வு பெற்ற பின்னரே கிட்டியது. மேற்சொன்ன பாசுரத்தை முதன்முதலில் அர்த்தத்துடன் கேட்டபோது, கணக்குப் பார்த்துப் பழகிய மனத்தில் ஒரு செய்தி தைத்தது. ஆழ்வார் தண்ணீரைச் சோற்றுக்குள் அடக்கிவிடவில்லை; தனி இனமாக எண்ணியிருக்கிறார். நாம் உணவைப் பற்றிப் பேசும்போது அரிசியைச் சொல்லுவோம், நெய்யைச் சொல்லுவோம், கைப்பக்குவத்தைச் சொல்லுவோம், தண்ணீரைச் சொல்லமாட்டோம். ஆழ்வார்களும், கோயில் கல்வெட்டுகளை வெட்டுவித்தவர்களும் சொன்னார்கள். அவர்கள் எழுதிவைத்த அந்த இனம் நம் காலத்துக் கணக்கிலிருந்து எப்படி விடுபட்டது என்பதை, அடியேன் பணிபுரிந்த வேலூர், ஆம்பூர் வட்டாரத்தைக் கொண்டு விண்ணப்பிப்பதே இக்கட்டுரை.

அமுது என்னும் சொல்

நம் திருமாளிகைகளில் ரசத்தைச் சாற்றமுது என்கிறோம். காய்கறியைக் கறியமுது என்கிறோம். பாயசத்தைத் திருக்கண்ணமுது என்கிறோம். புதிதாகக் கேட்பவர்களுக்கு இது ஒரு குழூஉக்குறிபோலத் தோன்றலாம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் நெய்யமுது, பருப்பமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது என்று இதே சொல்லாட்சி வரிசையாக வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன் திருமடைப்பள்ளியில் வழங்கிய சொல் இன்றும் நம் வீட்டு அடுப்பங்கரையில் உயிரோடிருக்கிறது.

சொல்லைப் போலவே சுவையும் காலத்தைக் காட்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகே. காஞ்சிபுரம் தேவப்பெருமாள் அமுது செய்தருளும் கோயில் இட்டிலியில் இன்றும் மிளகு, சீரகம், சுக்கு ஆகியவையே சேர்கின்றன. வீட்டுச் சமையல் மாறிய பின்னும் திருமடைப்பள்ளி பழைய சுவையைக் காத்து வந்திருக்கிறது. ஆகவே உணவைப் பற்றிய எழுத்தும் ஒருவகை வரலாற்று ஆவணம் என்று கொள்ளலாம்.

மழை முன்னே, விருந்து பின்னே

திருப்பாவையை இந்த நோக்கில் பார்ப்போம். இரண்டாம் பாசுரத்தில் நோன்பு நோற்பவர்கள் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் பாற்சோறு மறைய நெய் வார்த்து, அது முழங்கை வரை வழியக் கூடியிருந்து உண்கிறார்கள். கூடாரவல்லியன்று நாம் அக்காரவடிசில் சமர்ப்பிப்பது இதனை ஒட்டியே. விலக்கியதைத் திரும்பப் பெறும் இந்த அழகைப் பெரியோர்கள் பலவாறு அனுபவித்திருக்கிறார்கள்.

இவற்றுக்கு இடையில் வரும் மூன்றாம், நான்காம் பாசுரங்களை அடியேன் நெடுங்காலம் தனியாகவே எண்ணியிருந்தேன். மூன்றாம் பாசுரத்தில் தீங்கின்றி மழை பெய்கிறது, வயல் செழிக்கிறது, பசுக்கள் குடம் நிறையப் பால் சொரிகின்றன. நான்காம் பாசுரம் மழைக்கு அதிபதியையே விளித்துப் பேசுகிறது. முதலில் மழை, பிறகு வயல், பிறகு பசு, அதன் பிறகே பாலும் நெய்யும் சோறும். விருந்தை அனுபவிப்பதற்கு இருபத்துமூன்று பாசுரங்கள் முன்னதாகவே ஆண்டாள் அதற்கான தண்ணீரைக் கேட்டு வாங்கிவிடுகிறாள்.

பெரியாழ்வாரிடமும் இதைக் காணலாம். கோவர்த்தன மலைக்கு ஆயர்கள் படைத்த உணவைச் சொல்லும்போது, சோற்றை மலையாகவும், தயிரைக் குளமாகவும், நெய்யைச் சேறாகவும் வருணிக்கிறார். மிகுதியைச் சொல்ல அவருக்குக் கிடைத்த உவமைகள் குளமும் சேறும்! நிறைந்த குளத்தையும் உழுத வயலையும் அன்றாடம் கண்டவருக்கே அப்படித் தோன்றும்.

நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், பின்னாளில் எம்பெருமானார் அதனை நிறைவேற்றிக் கோயில் அண்ணன் என்று திருநாமம் பெற்றதும் நாம் அறிந்ததே. நூறு தடா என்பது ஓர் அளவு. உணவை அளவோடு எழுதும் வழக்கம் அருளிச்செயலிலேயே இருக்கிறது. கல்வெட்டுகள் அதனை நாழியும் உழக்குமாக விரித்தன.

கல்லில் எழுதிய பேரேடு

வேலூரை அடுத்த காட்பாடியிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் திருப்பதி. பணிக்காலத்தில் எத்தனையோ முறை சென்றிருந்தும், அங்குள்ள கல்வெட்டுகளை அடியேன் ஏறிட்டுப் பார்த்ததில்லை. 1930-களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. ஓய்வு பெற்ற பின் அவற்றை வாசித்தபோது, ஒரு பெரிய வங்கியின் பேரேட்டைப் புரட்டுவது போலிருந்தது. அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, தோசைப்படி, சுகியன்படி என்று ஒவ்வொரு தளிகைக்கும் அரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று கணக்கு எழுதியிருக்கிறது.

வியப்பு அதோடு முடியவில்லை. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சந்திரகிரியில் இருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன் காலம் தொடங்கி, பக்தர்கள் பலர் ஸ்ரீபண்டாரத்தில் பொன்னாகப் பணம் செலுத்தித் தளிகை ஏற்படுத்தினார்கள். கோயிலார் அந்தப் பணத்தை அரிசி வாங்கிச் செலவழித்துவிடவில்லை. திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் முதலீடு செய்தார்கள். நீர் வந்தால் விளைச்சல் பெருகும். பெருகிய விளைச்சலிலிருந்து அந்தத் தளிகை என்றென்றைக்கும் நடைபெறும். அமுது செய்தருளிய பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு தளிகை ஏற்படுத்தியவருக்கு உரியது. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். அசல் ஏரியில் இருந்தது. வட்டி பிரசாதமாக வந்தது.

கடன் விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் பரிசீலித்த அடியேனுக்கு இந்த ஏற்பாட்டின் நுட்பம் விளங்கியது. தளிகை நிரந்தரமாக நடக்கவேண்டுமானால் தண்ணீர் நிரந்தரமாக இருக்கவேண்டும். அதனால் பணம் முதலில் தண்ணீருக்கே போயிற்று. ஓர் அதிரசத்தின் கணக்கைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் அது ஓர் ஏரிக்கரையில் போய் நிற்கிறது.

திருமுக்கூடலின் குடிநீர்

இனி நம் பாலாற்றுக்கு வருவோம். வடமொழியில் இதற்கு க்ஷீரநதி என்று பெயர். கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு என்று கிழக்கு நோக்கிச் செல்கிறது. பள்ளிகொண்டாவில் இதன் கரையிலேயே உத்தர ரங்கநாதர் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்கே வேங்கடேசப் பெருமாள் திருக்கோயில். அதற்கு எதிர்க்கரையில் பழையசீவரம்; பொங்கலை ஒட்டிய பார்வேட்டை உத்ஸவத்துக்குத் தேவப்பெருமாள் காஞ்சியிலிருந்து எழுந்தருளும் ஊர்.

திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் (1063–1070) நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. எம்பெருமானார் இவ்வுலகில் எழுந்தருளியிருந்த காலம் அது. கோயிலைச் சார்ந்து ஒரு வேதபாடசாலை, மாணவர் தங்குமிடம், வீரசோழன் என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவை நடந்ததை அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை வைத்தியர், மருந்து சேகரிப்போர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கான ஊதியமும், வைத்திருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும், உணவுக்கான நெல்லும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. அந்தக் கணக்கில் குடிநீருக்கும் இடம் உண்டு. ஏலமும் இலாமிச்ச வேரும் இட்டு மணமூட்டிய தண்ணீர் வழங்க நிவந்தம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் போஷகம் என்று வ்யாக்யானத்தில் படிக்கிறோம். பாலாற்றங்கரையில் ஒரு பெருமாள் கோயில், நோயாளியின் குடிநீரையும் தன் செலவுக் கணக்கில் ஓர் இனமாக எழுதிவைத்தது. இந்தச் செய்தியை அறிந்த அன்று அடியேனுக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம், அதே ஆற்றின் மேற்புறத்தில் அடியேன் எழுதிய கணக்குகள்.

ஆம்பூர்க் கரையில்

ஆம்பூர் என்றவுடன் வெளியூரார் பிரியாணியை நினைப்பார்கள். சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படும் அந்த உணவு, நவாப் ஆட்சியும் தோல் வணிகம் செய்த இஸ்லாமியப் பெருமக்களின் விருந்தோம்பலும் அவ்வூருக்குத் தந்த அடையாளம். அது அடியேனின் ஆகாரமன்று. ஆயினும் அதனுடன் கத்தரிக்காய்ப் பதார்த்தம் ஒன்று தவறாமல் இடம்பெறும் என்பதை அறிவேன். கத்தரிக்காய் இந்த மண்ணின் செல்வம். அணைக்கட்டுப் பகுதியின் இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆற்காட்டு மக்கன் பேடாவை மட்டும் இஸ்லாமிய நண்பர்கள் ஈகைத் திருநாள்தோறும் கிளைக்குக் கொடுத்தனுப்புவார்கள், மறுத்ததில்லை.

இப்பகுதியில் தோல் பதனிடுதல் நெடுநாளைய தொழில். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பின்னர் குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. 1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாகச் செய்து முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி வந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. வங்கிகளும் கடன் தந்தன.

1980-களின் பிற்பகுதியில் அடியேன் அப்பகுதிக் கிளையொன்றில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தேன். ஒரு தொழிற்சாலைக்கான கடன் விண்ணப்பத்தில் பச்சைத் தோலின் விலை, ரசாயனங்களின் விலை, கூலி, மின்சாரம், ஏற்றுமதி உத்தரவு எல்லாவற்றையும் சரிபார்ப்போம். தண்ணீர் என்று ஓர் இனம் இருந்ததாக நினைவில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் தண்ணீருக்கு விலையில்லை. விலையில்லாததற்குக் கணக்கில் இடமில்லை. அது எங்கே வெளியேறுகிறது என்ற கேள்வியை அடியேன் ஒருபோதும் கேட்கவில்லை.

அதே மேசைக்கு விவசாயக் கடன் கோப்புகளும் வரும். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையில், ஆற்றையொட்டிய ஒரு சிற்றூரில், திருமண் காப்பு தரித்த முதியவர் ஒருவர் இருந்தார். பஞ்சஸம்ஸ்காரம் பெற்ற விவசாயி. நெல்லுக்காக வாங்கிய பயிர்க்கடன் தவணை தவறியிருந்தது. வசூலுக்காக அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் பயிரைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"சாமி, நம்ம கெணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது. ஒரு நாழி எரிச்சாலும் கல்லாட்டம் கெடக்குது. பெருமாளுக்கு எப்படி தளிகை பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

உப்பேறிய நீரில் பருப்பு வேகாது என்பது அடுக்களை அறிந்த உண்மை. அவருடைய தர்மபத்தினி இரண்டு மைல் நடந்து வேறொரு கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் கொண்டுவந்து, அதில் பெருமாளுக்கு மட்டும் தளிகை செய்து கொண்டிருந்தார். அடியேன் தலையசைத்துவிட்டு, கோப்பில் "விளைச்சல் குறைவு, தவணை நிலுவை" என்று எழுதினேன். அதே வாரத்தில் தொழிற்சாலைக் கோப்பு ஒன்றில் "கணக்கு திருப்திகரம், வரம்பை உயர்த்தலாம்" என்று எழுதினேன். இரண்டிலும் அடியேன் கையொப்பம். இரண்டு குறிப்புகளும் தனித்தனியே உண்மை. இரண்டுக்கும் நடுவில் நிலத்தடியில் ஓடிய நீரை எந்தக் கோப்பும் பதிவு செய்யவில்லை.

1990-இல் மத்திய அரசு 10,000 ரூபாய் வரையிலான விவசாயக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. அம்முதியவரின் கடன் நீங்கியது. கிணறு நீங்கிய உப்பைக் காணவில்லை.

வேலூர்க் குடிமக்கள் நலன் காக்கும் அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளியான தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. குரோமியப் பதனிடுதலில் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்பன அதில் எடுத்துரைக்கப்பட்டவை. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது. ஆனாலும் 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக, இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்தி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டதையும், பழைய நிலை பலவிடங்களில் மாறியதையும் மறுக்கக்கூடாது. எனினும் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை.

நிமித்த தோஷம்

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பக்தி நிலைபெறுவதற்கான ஏழு சாதனங்களுள் முதலாவதாக விவேகத்தைக் காட்டுகிறார். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைக் குற்றமும் அற்ற உணவால் உண்டாகும் சரீர சுத்தியே விவேகம். உள்ளி, வெங்காயம் போல இயல்பிலேயே விலக்கத்தக்கது ஜாதி தோஷம். உடையவரைப் பற்றி வருவது ஆச்ரய தோஷம். நல்ல உணவில் வேறொன்று வந்து விழுவதால் ஏற்படுவது நிமித்த தோஷம்.

இவற்றுள் முதல் இரண்டை நாம் மிகவும் கவனமாகப் பார்த்தோம். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் எதிரே வந்தால் ஒதுங்கி நடந்தவர்கள் நம்மில் உண்டு. அடியேனும் இளமையில் அப்படி நடந்திருக்கிறேன். அவர் நிறைய நேரம் நின்று உழைத்ததும் இதே நீரில்தான். குடித்ததும் இதே நீரைத்தான். மனிதரைப் பார்த்து ஒதுங்கியவர்கள், அந்தத் தொழிலின் லாபத்துக்குக் கடன் கொடுக்க ஒதுங்கவில்லை. சோற்றில் ஒரு மயிரிழை விழுந்தால் தளிகையையே மாற்றுகிற நாம், ஓர் ஆறு முழுவதும் வந்து விழுந்ததை நிமித்த தோஷம் என்று எண்ணவில்லை. இந்தக் குற்றத்துக்கு அடியேன் வேறு எவரையும் பொறுப்பாக்க விரும்பவில்லை. கோப்பில் இருந்த கையொப்பம் அடியேனுடையது.

சென்ற மார்கழியில் அந்தச் சிற்றூருக்குச் சென்றேன். முதியவரும் அவர் தர்மபத்தினியும் ஆசார்யன் திருவடி அடைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மருமகள் வரவேற்றார். பெருமாளுக்கு வெண்பொங்கல் கண்டருளப்பண்ணி, தீர்த்தமும் பிரசாதமும் தந்தார். பருப்பு நன்றாக வெந்து குழைந்திருந்தது. அடுப்பின் அருகில் விலைக்கு வாங்கிய இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில், கேன் வந்த நாள்களுக்கெல்லாம் அவர் பேனாவால் ஒரு சுழி போட்டு வைத்திருந்தார். மாத முடிவில் எண்ணிப் பணம் கொடுப்பதற்காகவாம். அடியேன் எழுதாமல் விட்ட இனத்தை அந்த அம்மாள் எழுதி வருகிறார், செலவும் அவருடையதே.

இக்கட்டுரையை வாசிக்கும் பாகவதோத்தமர்களுக்கு ஒரு விண்ணப்பம். கூடாரவல்லியன்று இருபத்தேழாம் பாசுரத்தைச் சேவிக்கும்போது, மூன்றாம் பாசுரத்தையும் ஒருமுறை நினைவில் கொள்ளுங்கள். தங்கள் ஊர்த் திருமடைப்பள்ளிக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அந்தக் கிணறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தளிகைக்குக் கைங்கரியம் செய்ய விரும்புவோர், அரிசியும் நெய்யும் சமர்ப்பிப்பதோடு, திருக்குளத்தைத் தூர்வாரவும் கிணற்றைச் சீர்ப்படுத்தவும் ஒரு பகுதியை ஒதுக்கலாம். திருமலையில் நம் முன்னோர் செய்த முதலீடு அதுவே. தாரகத்தை மட்டும் சமர்ப்பித்துப் போஷகத்தை மறந்தால் கணக்கு நேராகாது.

அடியேன் ராமாநுஜதாஸன்